அட்டைக்கு வைத்த பொட்டு

போன கிழமை ஜெனி போன் எடுத்தாள். சுவிஸில், இன்டர்லாக்கனில் நான் வேலை செய்த ஹோட்டலின் பேர்சோனால் ஆபீஸில், அதாவது ஆட்களை வேலைக்கு எடுக்கும் அறையில், இப்போது என் கதிரையில் இருப்பவள் அவள்தான். பக்கத்துத் தூன் நகரத்தில் பிறந்த பிள்ளை. நல்லாகத் தமிழ் கதைப்பாள். அந்தரப்பட்டால் மட்டும் பேர்ண் டொச்சுக்கு, அதாவது அந்தப் பக்கத்து ஜேர்மன் பேச்சுக்கு, மாறிவிடுவாள். அன்றைக்கு டொச்சில்தான் தொடங்கினாள்.

வேலைக்கு வருபவர்களின் வதிவிட அனுமதி அட்டையைச் சரிபார்க்கும் மெஷினை ஹோட்டல் கழற்றப் போகிறதாம். இனி ஆளே தன் போனில் அட்டையைப் படமெடுத்து அனுப்பினால் போதுமாம். அட்டை உண்மையானதா, அந்த ஆளுக்கு இந்த நாட்டில் வேலை செய்ய உரிமை இருக்கிறதா என்பதை எங்கேயோ இருக்கும் கம்ப்யூட்டர் சொல்லிவிடுமாம். புதிய புரோகிராம் செய்பவர்கள் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள்: பழைய மெஷின் எப்படியான இடங்களில் தடுமாறியது?

"அன்ரி, அது வந்த நாளில இருந்து நீங்கள்தானே அதோட மாரடிச்சனீங்கள். ஒரு பக்கத்தில எழுதித் தாங்கோவன்," என்றாள்.

"எழுதலாம். ஆனா யோகன் ஒரு பக்கத்துக்குள்ள அடங்கமாட்டார்."

"ஆர் யோகன்?"

"உனக்குத் தினம் மத்தியானம் சூப் ஊத்தித் தாற மனுசன்."

"யோகநாதன் அண்ணையோ? அவர் வாயே திறக்கமாட்டாரே."

அதுதான், பிள்ளை. அவர் வாய் திறந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் என்னைக் குறை சொல்லாதே.

நான் மன்னார்க்காரி. அகதியாக வந்து அந்த ஹோட்டலின் அடித்தளத்தில் பாத்திரம் கழுவினேன், அறைகளில் கட்டில் விரித்தேன், லோண்ட்ரியில் உடுப்பு மினுக்கினேன். பின்னேரங்களில் டொச் படித்தேன். படித்த டொச்சை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு வந்த கடிதங்களை வாசித்துச் சொல்லத் தொடங்கினேன். லோண்ட்ரியில் என் மேசையைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நின்றது. பேர்சோனால் ஆபீஸைப் பார்த்துக்கொண்ட ஃப்ராவ் மோசர் ஒருநாள் கீழே இறங்கி வந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். "நீங்கள் இங்கே இருந்தால் உடுப்பு மினுங்காது. மேலே வாருங்கள்," என்றார். என் பதவி உயர்வு அவ்வளவுதான்.

ஃப்ராவ் மோசர் மெலிந்து உயர்ந்த மனுசி. கோடையிலும் கம்பளிச் சட்டைதான். கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். புதிதாக ஒருவர் வந்தால் எழும்பி நின்று கை கொடுப்பார், இருக்கச் சொல்வார், அட்டையை வாங்குவார். வாங்கிப் பார்க்கமாட்டார். மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஆளின் முகத்தைப் பார்ப்பார். "முதலில் முகம்," என்று எனக்குச் சொல்லித் தந்தார். முகம் மனதில் பதிந்த பிறகே அட்டையைத் திருப்புவார். படம், பெயர், என்ன வகை அனுமதி, எதுவரை செல்லும், வேலை செய்யலாமா என்று ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டு போவார். பிறகு யன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சரித்துச் சரித்துப் பார்ப்பார். எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு சொல்: "குவெட்." நல்லது என்பதற்குப் பேர்ண் ஆட்கள் சொல்லும் சொல் அது. வந்தவர் அப்போதுதான் மூச்சு விடுவார்.

எங்கட ஆட்களோடு மட்டும் அவருக்கு ஒரு கரைச்சல் இருந்தது. மேலதிகாரிக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு இருப்பதுதான் எங்களுக்கு மரியாதை. அவருக்கோ முகம் வேண்டும். "ரெஜினா, உங்கள் ஆட்கள் ஏன் என் சப்பாத்தையே பார்க்கிறார்கள்? அதில் ஏதும் பிழையா?" என்று ஒருநாள் கேட்டார். நான் விளக்கினேன். அடுத்த முறை எங்கட ஆள் ஒருவர் வந்தபோது, மேசை லாச்சியில் இருந்து மூலிகை இனிப்பு டின்னை எடுத்துத் திறந்து, தன் கண் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு, "எடுங்கள்," என்றார். எடுக்க வேண்டுமென்றால் தலையை நிமிர்த்தத்தான் வேண்டும். நிமிர்ந்ததும் முகத்தைப் பார்த்துவிட்டார். அதன் பிறகு அந்த டின் மேசையை விட்டு இறங்கவேயில்லை. எங்கட ஆட்கள் வெளியே போய், "மனுசி நல்ல மனுசி, ரொபி தருது," என்று கதைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஹோட்டலை ஒரு பெரிய குழுமம் வாங்கியது. கையோடு மெஷினும் வந்தது. சூக் நகரத்தில் இருந்து ரெட்டோ என்ற இளம் ஆள் கொண்டுவந்து பூட்டினார். பாண் வாட்டும் மெஷின் அளவில் ஒரு பெட்டி, மேலே கண்ணாடி, பக்கத்தில் ஒரு சின்னக் கமரா. அட்டையின் முன்பக்கத்தைக் கண்ணாடியில் வைக்க வேண்டும், பிறகு பின்பக்கத்தை, பிறகு ஆள் கமராவைப் பார்க்க வேண்டும். எல்லாம் பொருந்தினால் பச்சை. பச்சை வந்தால் பெயர் தானாகவே வேலை அட்டவணைக்குள் போகும், அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தமும் அச்சாகும். சிவப்பு வந்தால் இரண்டும் நடக்காது. புதியவர்கள் மட்டுமில்லை, வருசக்கணக்காக வேலை செய்பவர்களும் ஒருமுறை காட்ட வேண்டும் என்று அறிவித்தல் போட்டார்கள்.

சமையலறையில் அந்த அறிவித்தல் படாத பாடு பட்டது. மெஷின் பேர்ணில் இருக்கும் அரசாங்கத்தோடு நேரே கதைக்குமாம் என்றார் ஒருவர். கட்டாத தண்டம் எல்லாம் காட்டுமாம் என்றார் இன்னொருவர். பொய் சொன்னால் கண்டுபிடிக்குமாம் என்று என் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கிளப்பிவிட்டார், அவர் ஒருநாளும் உண்மை சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பதை நான் பிறகுதான் சேர்த்துப் பார்த்தேன். வேதக்காரர் அட்டையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மாதாவின் காலடியில் வைத்து எடுத்தார்கள். சைவக்காரர் பூம்ப்ளிஸ் பக்கம் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டில் வைத்தார்கள்.

திங்கட்கிழமை ரெட்டோ என்னைப் பார்த்து, "முதலில் நீங்களே வையுங்கள்," என்றார். எனக்கு அப்போது சுவிஸ் பிரசாவுரிமை கிடைத்திருந்தது. பெருமையோடு அடையாள அட்டையை வைத்தேன். சிவப்பு. பேர்சோனால் ஆபீஸ்காரிக்கே சிவப்பு. திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் மெஷின் வாசிக்கும் எழுத்துக்குமேல் என் அந்தோனியார் இருக்கிறார். சின்ன ஸ்டிக்கர், எப்போது ஒட்டினேன் என்றே நினைவில்லை. நகத்தால் மெல்லக் கிளப்பி என் கண்ணாடிக் கூட்டில் ஒட்டினேன்.

"இவர் என்ன செய்பவர்?" என்று ஃப்ராவ் மோசர் கேட்டார்.

"தொலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுத் தருவார்."

"பார்த்தீர்களா, பிழையையும் கண்டுபிடித்துத் தந்துவிட்டார்," என்றார்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். போர்த்துக்கல்காரருக்குப் பச்சை. எரித்திரியாக்காரருக்குப் பச்சை. எங்கட ஆட்கள் வந்தார்கள், சிவப்பு. அடுத்தவருக்கும் சிவப்பு. அதற்கடுத்தவருக்கும் சிவப்பு. ரெட்டோவின் முகம் மாறியது. ஃப்ராவ் மோசரின் காதோடு, "எல்லாரும் ஒரே இடத்தில் இருந்து வந்தவர்கள். இதை நான் தலைமையகத்துக்கு அறிவிக்க வேண்டிவரும்," என்றார். கள்ள அட்டை அடிக்கும் கூட்டம் ஒன்று பிடிபட்டுவிட்டது என்று அந்த மனுசன் நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல ஏலாது. நானும் வெளியாளாக இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"அறிவியுங்கள். கோப்பி குடித்துவிட்டு அறிவியுங்கள்," என்றார் ஃப்ராவ் மோசர்.

அந்தக் கோப்பி முடிவதற்குள் நான் கண்ணாடி துடைக்கும் துணியோடு வரிசைக்குப் போனேன். அந்தோனியார்தான் எனக்கு வழி காட்டியிருந்தார். ஒன்றில் திருநீறு, ஒன்றில் மாதாவின் எண்ணெய், இன்னொன்றில் மஞ்சள் தூள், பலதுக்கு மினுங்கும் பிளாஸ்டிக் உறை. "இதென்ன, அவுஸ்வைஸ் அட்டையோ அபிசேகத் தட்டோ?" என்று கேட்டுக் கேட்டுத் துடைத்தேன். உறைகளைக் கழற்றினேன். மறுபடி வைத்தோம். பச்சை, பச்சை, பச்சை. ரெட்டோ கோப்பிக் கோப்பையோடு வந்து பார்த்துவிட்டு, "இப்போது நான் எதை அறிவிப்பது?" என்றார்.

கடைசியாக யோகன் வந்தார்.

யோகநாதன் மட்டக்களப்புக்காரர். சூப்பும் சலாட்டும் அவர் பொறுப்பு. வந்த நாளில் இருந்து அவரிடம் இருந்தது எஃப் அட்டை, தற்காலிகமாக இருக்கலாம் என்ற அனுமதி. அதை வைத்துக்கொண்டு மனைவியையும் மகளையும் கூப்பிட அவருக்கு வழி கிடைக்கவில்லை. அந்த வருசம்தான் அவருக்கு பி அட்டை, குடும்பத்தைக் கூப்பிடக் கூடிய வதிவிட அனுமதி, கிடைத்தது. கிடைத்த கையோடு குடும்பத்தை அழைக்க விண்ணப்பம் போட்டார். நிலையான வேலை இருக்கிறது என்று ஹோட்டல் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குக் கொடுத்த தவணை முடிய ஒரு கிழமைகூட இல்லை. ஒப்பந்தம் அச்சாகினால்தான் அந்தக் கடிதம் எழுதலாம். பச்சை வந்தால்தான் ஒப்பந்தம் அச்சாகும்.

அவருடைய அட்டையை வைத்தோம். சிவப்பு. ரெட்டோ திரையில் படத்தைப் பெருப்பித்தார். யோகனின் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில், அளவெடுத்த மாதிரி ஒரு குங்குமப் பொட்டு. கீழே சந்தனம். படத்தில் கலியாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பின்பக்கம் மெஷின் வாசிக்கும் வரிகளுக்குக் குறுக்கே மூன்று கோடு திருநீறு. நான் துணியை எடுத்தேன். துடைக்கப் போனால் துடைபடவில்லை. மனுசன் பொட்டோடு சேர்த்து அட்டையைச் சூட்டில் வைத்து லாமினேற் பண்ணியிருக்கிறார்.

"யோகன், உதை ஏன் ஒட்டினீங்கள்?"

"பொட்டு அழிஞ்சு போயிடுமெண்டுதான் அக்கா."

உரிக்கப் பார்த்தால் படத்தின் மேல்தோலும் கூட வரும் போலிருந்தது. செய்தி கேட்டு மேலே வந்த தலைமைச் சமையல்காரர், ஃபிறீசரில் வைத்து எடுத்தால் ஒட்டு விட்டுவிடும் என்று யோசனை சொன்னார். "இங்கே யாரும் அனுமதி அட்டை சமைக்க வேண்டாம்," என்று ஃப்ராவ் மோசர் அவரைக் கீழே அனுப்பினார். பிறகு ரெட்டோவைப் பார்த்து, "மெஷின் சொன்னது சரி. அட்டை மாற்றப்பட்டிருக்கிறது. சரியைச் சொல்லி முடித்துவிட்டது. இனி நாங்கள் வேலை செய்வோம்," என்றார்.

அவர் வேலை செய்த விதத்தை ஜெனி தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பேர்ணில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். காத்திருக்கச் சொல்லி அவர்கள் போட்ட பாட்டை முழுக்கக் கேட்டார். ஆள் வந்ததும் நடந்ததைச் சொன்னார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

"அந்தப் புள்ளியை வைத்தது யார் என்று கேட்கிறார்," என்று என்னிடம் திரும்பினார்.

"ஐயர் வெச்சாரு," என்றார் யோகன்.

"ஒரு மதகுரு," என்று ஃப்ராவ் மோசர் போனில் சொன்னார். "இல்லை, சேதப்படுத்தும் நோக்கம் இல்லை. ஆசீர்வாதம்." பிறகு, "குவெட்," என்று போனை வைத்தார். அடுத்த நாள் காலை ஆளோடும் அட்டையோடும் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஃப்ராவ் மோசர் வரவேண்டிய தேவையே இல்லை, நான் யோகனைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் காலையில் ஸ்டேசனில் கம்பளிச் சட்டையோடும் கைப்பையோடும் நின்றார். ரயிலில் யோகன் என் பக்கத்தில் இருந்தார். வெளியே தூன் ஏரி போய்க்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"அக்கா, மறுகா அவங்க என்னைத் திருப்பி எஃப் ஆக்கிடுவாங்களோ?"

மட்டக்களப்பாருக்கு மறுகா, அதாவது பிறகு என்ற சொல், இல்லாமல் கதை நகராது. வேறு நாளென்றால் அதை வைத்து நல்லாகப் பகிடி பண்ணியிருப்பேன்.

"அப்பிடிச் செய்யமாட்டாங்கள். நீங்கள் களவெடுக்கேல்ல."

"மகள் தன்ட சைக்கிள மச்சாள்ட பிள்ளைக்குக் குடுத்திட்டாளாம். இனி எனக்கெதுக்கு, நான் அப்பாட்டப் போறனெண்டு. இப்ப என்னத்தச் சொல்ற?"

என்ன கதைத்தார் என்று ஃப்ராவ் மோசர் கேட்டார். சைக்கிள் கதையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பேர்ண் வரும்வரை துடைத்தார்.

அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தாடி வைத்த ஒரு ஆள். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அரச ஆவணத்தில் மாற்றம் செய்வது குற்றம், தெரியுமா? ஏன் இப்படி ஒட்டினீர்கள்?"

நான் தமிழில் சொன்னேன். யோகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதிகாரி மறுபடி கேட்டார். மறுபடியும் குனிந்த தலைதான். அந்த ஆள் பேனையை எடுத்துவிட்டார். அதிகாரிக்குக் கொடுக்கும் மரியாதை இந்த நாட்டில் கள்ளனின் முழிபோலத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இந்த மனுசன் இப்போது வாய் திறக்காவிட்டால் அந்தப் பிள்ளை போய்ச் சைக்கிளைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

பக்கத்தில் கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. ஃப்ராவ் மோசர் இனிப்பு டின்னை எடுத்துத் திறந்து, கண்ணாடிக்கு நேரே, அந்த அதிகாரியின் கண் உயரத்துக்குப் பிடித்தார்.

"எடுங்கள், ஹெர் யோகநாதன்."

யோகன் தலையை நிமிர்த்தினார். இனிப்புக்கு அந்தப் பக்கம் அதிகாரியின் முகம் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அப்போதுதான் பார்த்தார்கள். இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோகன் கதைக்கத் தொடங்கினார்.

"ஊரில நாங்க எத்தினை தரம் ஓடின. ஒவ்வொரு தரமும் பேப்பர்தான் முதல் நனைஞ்சு போற. பிறந்த பத்திரம் போச்சு, கலியாணப் பத்திரம் போச்சு. ஒவ்வொண்டுக்கும் மறுகா வருசக்கணக்கா அலைஞ்சம். இது ஒண்டு நனையக் கூடாதெண்டு ஒட்டின."

நான் டொச்சில் சொன்னேன். அந்த ஆள் பேனையைக் கீழே வைத்தார்.

"அப்போ இந்தப் புள்ளி?"

யோகன் என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தார். அவருக்குத் தெரிந்த கொஞ்ச டொச்சில் அவரே சொன்னார்: "சந்தோசம்."

அதிகாரி கம்ப்யூட்டரில் தட்டினார். புதிய அட்டைக்குக் காரணம் போட வேண்டுமாம். தொலைந்தது, களவு போனது, பழுதானது, இவ்வளவும்தான் இருக்கிறதாம்.

"ஆசீர்வதிக்கப்பட்டது என்று இல்லையா?" என்று ஃப்ராவ் மோசர் கேட்டார்.

"என்னிடம் இல்லை."

"பழுதானது என்றே போடுங்கள். உங்கள் புரோகிராம் இன்னும் வளர வேண்டும்."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் தாடி அசைந்தது. பி அனுமதி செல்லும், வேலை செய்யலாம் என்று ஒரு தாள் அச்சடித்து முத்திரை குத்தித் தந்தார். பழைய அட்டையைச் செல்லாததாக்கத் துளை போட வேண்டும். துளைக்கும் கருவிக்குள் வைத்தவர், எடுத்துத் திருப்பி, மறுபடி வைத்தார். துளை மூலையில் விழுந்தது. பொட்டில் படவில்லை. அவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் பார்த்துத்தான் குத்தினார்.

ஹோட்டலுக்கு வந்தபோதும் மெஷின் சிவப்பில்தான் நின்றது. ரெட்டோ போனில் வழி சொன்னார். மெனுவின் அடியில் ஒரு கட்டம் இருந்தது: "ஆளால் சரிபார்க்கப்பட்டது." ஃப்ராவ் மோசர் கண்ணாடியைப் போட்டு அந்த வரியை விரலால் தொட்டு வாசித்துவிட்டு அழுத்தினார். ஒப்பந்தம் அச்சானது, கடிதம் தவணைக்குள் போனது. அந்த வருசக் கடைசியில் அவர் ஓய்வுபெற்றார். போகும்போது எல்லாருக்கும் கை கொடுத்தார், எனக்கு டின்னைக் கொடுத்தார்.

அடுத்த ஆயுத பூசைக்கு யோகன் மெஷினுக்கே சந்தனம் வைக்க வந்தார். மூடியில் வைக்கலாம், கண்ணாடியில் வைக்கக் கூடாது என்று சொல்லி விட்டேன். பராமரிப்புக்கு வந்த ரெட்டோ அதைப் பார்த்துவிட்டு, துடைக்காமல் போனார்.

யோகனின் மனைவி சாந்தியும் மகளும் வந்து சேர்ந்தது மலைச்சரிவில் பனி உருகும் காலத்தில். சாந்திக்கு லோண்ட்ரியில் ஒரு இடம் இருந்தது. அட்டை கிடைத்ததும் யோகன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார், தான் உள்ளே வரமாட்டேன் என்று கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் எழும்பிக் கை கொடுத்தேன், இருக்கச் சொன்னேன், அட்டையை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். பளிச்சென்று துப்புரவான அட்டை. சாந்தியின் தலை குனிந்துதான் இருந்தது. டின்னை எடுக்கக் கையை நீட்டினேன்.

அதற்குள் அவரே நிமிர்ந்துவிட்டார். நெற்றி நடுவில் பெரிய பொட்டு, வகிட்டிலும் குங்குமம். எத்தனை வருசம் யோகன் இல்லாத வீட்டில் தனியாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வைத்துக்கொண்ட பொட்டு.

"அட்டையில வெக்கக் கூடாதெண்டு இவரு சொன்னாரு அக்கா," என்றார் சாந்தி. "அதான் எனக்கு வெச்சிக்கிட்டு வந்திருக்கன்."

அந்த முகத்தை நல்லாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு அட்டையை வைத்தேன், முன்பக்கம், பின்பக்கம். கமராவைப் பார்க்கச் சொன்னேன். பச்சை.

"குவெட்," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பினார். "என்னவாம்?"

யோகன் வெளியே நின்றபடியே சொன்னார்.

"நீ இனி இஞ்சதான் எண்டு சொல்றாங்க."